மாவுக்கார அண்ணனின் குடை

பின்வீட்டு மலாய்க்கார மக்சிக் அரிசி ஊறப் போட்டிருக்கிறாள். காற்று திரும்பும்போதெல்லாம் அந்த நாற்றம் வேலியைத் தாண்டி என் சன்னலுக்குள் ஏறிக் குதிக்கிறது. பழைய சோற்றின் புளிப்பு இல்லை இது. அதிலே ஒரு வீட்டு வாசனை இருக்கும். இது பச்சரிசி தண்ணீருக்கடியில் கிடந்து தன்னைத்தானே கைவிடுகிற நாற்றம். என் மகள் மூக்கைச் சுளித்துச் சன்னலைச் சாத்துகிறாள். அவள் அந்தப் பக்கம் போனதும் நான் திறந்து வைக்கிறேன்.

தண்ணீர் மாற்ற மாற்ற நாற்றம் தேயும். ஒரு காலையில் பானையைத் திறந்தால் ஒன்றுமே மணக்காது. அப்போது அரைத்துக் கரைத்துத் தெளியவைத்து, மணத்துக்குப் பாண்டான் இலை போட்டு, வாழையிலைக் கூம்பில் ஊற்றித் துணிமேல் சொட்டுச் சொட்டாக வைப்பார்கள். காய்ந்தால் மல்லிகை மொட்டுப் போல வில்லைகள். வெயிலுக்குள் போகுமுன் சிலதைத் தண்ணீரில் குழைத்து முகத்தில் பூசிக்கொள்வது. மலாய்க்காரர்கள் பெடாக் செஜுக் என்பார்கள். குளிர்மாவு. வெயிலுக்கான மருந்தை வெயிலிலேயே காயவைப்பதுதான் இதிலுள்ள வேடிக்கை.

சிகாமட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த வரிசைவீட்டு லயத்தில் இதைச் செய்தவர் ஓர் ஆண்பிள்ளை. தமிழர். என் கதவுக்கு அடுத்த கதவு அவருடையது. அவருக்குப் பேர் ஒன்று இருந்தது. யாரும் அதைச் செலவழிக்கவில்லை. ஆண்கள் "மாவு" என்றார்கள். பெண்கள் நாங்கள் மாவுக்கார அண்ணன் என்றோம். பனைமரத்து உயரம், பனைமரத்து நிறம். வெயில் அவர்மேல் விழுந்து வழுக்கிக்கொண்டு போய்விடும் என்பார் என் வீட்டுக்காரர். அண்ணன் தன் முகத்தில் ஒரு பொட்டு மாவு வைத்து நான் பார்த்ததில்லை. எல்லாம் அவர் மனைவிக்கு.

அந்த அக்கா வெளுத்த பிறவி. தலைமுடி தேங்காய் நார் நிறம். இமை மயிர்கூட வெள்ளை. வெளிச்சத்தில் கண்ணைத் திறந்தால் நீர் கொட்டும். வெயிலில் சற்று நின்றால் தோல் சிவந்து, பிறகு கொப்பளித்து, பிறகு தாள் போல உரியும். ஊரில் அவளைத் துரைசானி என்று கேலி செய்திருக்கிறார்கள். இங்கேயும் அதே பேர் காத்துக்கொண்டிருந்தது. கப்பலேறி வந்தும் பேரைத் தொலைக்க முடியவில்லை என்று சிரிப்பாள். தோட்டத்துத் துரை கழுத்துச் சிவந்து மூக்குத் தோல் உரிந்து போகிறார் என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கொண்டாட்டம்.

"அவருக்கும் எனக்கும் ஒரே தோலுதான்டி. அவருக்குத் தொப்பி இருக்கு. எனக்கு இவரு இருக்காரு."

இருட்டுப் பிரியுமுன் பெரட்டுக் களத்தில் எல்லோரும் வரிசையாய் நிற்க வேண்டும். கங்காணி தலை எண்ணி வேலை பிரிப்பார். அந்த வரிசையில் அண்ணன் ஒரு கொட்டாங்கச்சியோடு வந்து நிற்பார். உள்ளே குழைத்த மாவு. அக்கா முகத்தைத் தூக்கிக் கொடுப்பாள், கண்ணை மூடி, சாமி கும்பிடுகிற மாதிரி. அவர் விரலால் தொட்டுத் தொட்டு நெற்றி, மூக்குத் தண்டு, காது மடலின் பின்புறம், கழுத்து என்று வைத்துக்கொண்டே போவார். காதின் பின்புறத்தை அவர் மறந்து நான் பார்த்ததில்லை. புருஷன் பெண்டாட்டி தோளோடு தோள் இடித்து நடக்கக்கூட வெட்கப்பட்ட ஜனம் நாங்கள். எங்கள் நடுவில் இது.

ஆண்கள் விடுவார்களா? மாவு, எனக்கும் கொஞ்சம் பூசு, ராத்திரி கூத்து இருக்கு என்பார் ஒருவர். பொண்டாட்டிக்குச் சேலையும் நீதான் கட்டிவிடுவியா என்பார் இன்னொருவர். அண்ணன் வேலையை நிறுத்தாமல் பதில் சொல்வார்.

"நீ உன் மாட்டக் குளிப்பாட்டற. அவன் சைக்கிளுக்கு எண்ண போடறான். நான் பொண்டாட்டிக்கு மாவு வைக்கறேன். அவங்கவங்களுக்கு எது பிரியமோ அது."

மாட்டுக்காரருக்கு அன்று முழுதும் வீட்டில் சோறு சரியாகக் கிடைக்கவில்லை என்று கேள்வி.

நான் இந்த ஊருக்குப் புதிதாக வந்தபோது எனக்குப் பதினெட்டு வயதிருக்கும். காவேரிக் கரையில் வெயில் பார்த்த பெண்தானே என்ற மிதப்பு. முதல்நாள் வேலைக்குப் புறப்படும்போது, அம்மா பழக்கியபடி, முகத்திலும் கையிலும் தேங்காயெண்ணெயைப் பளபளக்கத் தேய்த்துக்கொண்டு போனேன். எண்ணெய் குளிர்ச்சி என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம். கப்பலில் வந்து இறங்கிய ஒவ்வொருத்தியும் இதைச் செய்திருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. புதிதாகக் கன்று நட்ட புதுக்காடு, நிழல் தர ஒரு மரமில்லை. உச்சிக்குள் என் கை இரண்டும் தணலில் வாட்டியது போலாகிவிட்டன. சாயங்காலம் லயத்து வாசலில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்துக் கதவு திறந்தது. அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"எண்ண தேச்சியா?"

தலையாட்டினேன்.

"அப்பளத்துக்குத்தான்மா எண்ண. உனக்கு எதுக்கு?"

அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே போய்க் கொட்டாங்கச்சியோடு வந்தார். என்னிடம் கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். கல்யாணமாகி மாதம் சில ஆகியிருந்தும், பகலில், நாலு பேர் பார்க்க, என்னைத் தொட்டறியாத மனுஷன். கொட்டாங்கச்சியை வாங்கிக்கொண்டு மரமாய் நின்றார். அண்ணன் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டு, பார்க்காமலே சொல்லிக் கொடுத்தார். முதலில் வெறும் தண்ணீரை ஊற்றி வேர்வை உப்பைப் போக்கு. துடைக்காதே, தானாகக் காயட்டும். பிறகு மாவு.

"தேய்க்காதப்பா. ஒத்து. வெயில் பட்ட தோலு பச்சப்புள்ள மாதிரி, தேய்ச்சா அழும்."

என் புருஷனின் விரல் என் முழங்கையில் பட்டது. மாவின் குளிர்ச்சி எது, அந்த விரலின் குளிர்ச்சி எது என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. எங்கள் கல்யாணம் அன்று சாயங்காலம்தான் நடந்தது என்று பிற்பாடு எங்களுக்குள் பேசிச் சிரிப்போம்.

மாவு செய்யும் வித்தையை அண்ணன் பக்கத்துக் கம்பத்தில், மலாய்க் கிராமத்தில், கிழவி ஒருத்தியிடம் விறகு பிளந்து கொடுத்துக் கற்றுக்கொண்டாராம். லயத்துக்குள் பானை வைத்தபோது எலி செத்துவிட்டது என்று ஒவ்வொரு வீடாகத் தேடியிருக்கிறார்கள். கண்டுபிடித்ததும் சண்டை. பானையைத் தூக்கிக்கொண்டு மூங்கில் புதருக்குப் பக்கத்தில் வைத்தார். மழை வந்தால் நடுச்சோற்றில் எழுந்து ஓடுவார், பானையை மூட. சண்டை போட்டவர்களே பிறகு, பிள்ளைக்கு வேர்க்குரு, கொஞ்சம் கொடு அண்ணே என்று வந்து நின்றார்கள். துரை பங்களாவில் சமைக்கிற குசினிக்காரர்கூட வருவார். துரைக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு, தூக்கமில்லை என்பார். அண்ணன் ஒரு கை அள்ளி இலையில் மடித்துக் கொடுப்பார். அது எங்கிருந்து வருகிறதென்று துரைக்குத் தெரியாது. குசினிக்காரர் தன் கைவண்ணம் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம்.

சூரியனை அவர் சூரியன் என்று சொன்னதில்லை. மேலத்துக் கங்காணி என்பார். இன்னிக்கி மேலத்துக் கங்காணி சீக்கிரமே கள்ளு குடிச்சுட்டு வந்துட்டான், பாத்துப் போங்க. இன்னிக்கி மேகத்துக்குள்ள தூங்கறான், முழிச்சா பொல்லாதவன். கீழத்துக் கங்காணி இதைக் கேட்டுவிட்டு, தன்னைத்தான் சொல்கிறார் என்று ஒரு நாள் பாய்ந்தார். இல்லீங்கய்யா, அவன் உங்களவிட நல்லவன், ராத்திரி லீவு குடுத்துடறான் என்றார் அண்ணன்.

இப்படியே போயிருக்கும். ரப்பர் விலை விழுந்தது.

அக்கா அதுவரை கூரைக்கடியில், பால் கட்டிகளைத் தரம் பிரிக்கும் கொட்டகையில் இருந்தாள். விலை விழுந்ததும் கொட்டகையில் ஆள் குறைத்தார்கள். புதுக்காட்டில் கன்றுகள் முழங்கால் உயரம் நின்றன. இடையில் லாலாங் புல் இடுப்பளவு. களையெடுக்கப் போ, இல்லாவிட்டால் கப்பலேறு என்று சொல்லிவிட்டார்கள். அக்கா வந்தாள். அவளுக்குப் புல் தெரியாது, வெளிச்சம்தான் தெரியும். மண்டியிட்டு விரலால் தடவித் தடவி வேரைப் பிடித்து இழுப்பாள். கண்ணுள்ள எங்களைவிடச் சுத்தம். ஆனால் மாவு வேர்வையில் கரையும். அண்ணன் தன் நிரையை வெட்டிக்கொண்டே ஓடி ஓடி வந்து ஒற்றிவிட்டுப் போவார்.

ஒரு மாதத்தில் அவள் கீழுதட்டு ஓரத்தில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. மஞ்சள் வைத்தும் ஆறவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் பார்த்துவிட்டு, இதன்மேல் வெயில் படக்கூடாது, பட்டால் வளரும், வளர்ந்தால் என்னால் ஒன்றும் ஆகாது என்றாராம். வந்து எங்களிடம் சொன்னவள் அக்காதான். அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சிகாமட்டுக்கு நடந்துபோய் ஒரு கறுப்புக் குடை வாங்கி வந்தார். கறுப்பு வெயிலைக் குடிக்கும் என்று, அதன்மேல் கோதுமை மாவுச் சாக்குத் துணியை வெளுத்துத் தைத்தார். நீண்ட மூங்கிலில் கட்டி மண்ணில் ஊன்றினார். அக்கா நகர நகரக் குடை நகர்ந்தது. கல்யாணப் பந்தலாடி என்று கேலி செய்தோம். பந்தல்தான், சோறுதான் இல்ல என்றாள் அவள்.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. இப்போது சொன்னால் என் மகள் நம்புவதில்லை. துரை வருகிற வழியில் தொழிலாளி குடை பிடிக்கக் கூடாது. சைக்கிளில் போனால் இறங்க வேண்டும், தலைப்பாகையை அவிழ்க்க வேண்டும், குடையை மடக்க வேண்டும். கொட்டுகிற மழையில் கைக்குழந்தையோடு குடையை மடக்கி நின்ற தாயை எனக்குத் தெரியும். யாரும் எழுதி வைக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

துரையின் குதிரை தூரத்தில் தெரிந்ததும் அண்ணன் ஓடிவருவார். குடையைப் பிடுங்கி மடக்குவார். அப்புறம் அவர் செய்வதுதான் எனக்கு அவரை நினைத்தால் முதலில் வருவது. சூரியனுக்கும் அக்காவுக்கும் நடுவில் போய் நிற்பார். அத்தனை உயரமும் நேராக. அவர் நிழல் நீளமாய் விழுந்து அவளை மூடும். துரை கடந்து போகும்வரை அந்த நிழலுக்குள் அவள் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாள். காலையென்றால் கிழக்கே நிற்பார், சாயங்காலமென்றால் மேற்கே. துரைக்கு மரியாதை செய்கிறான் என்றுதான் கங்காணிகூட நினைத்திருந்தார்.

மழை மறந்துபோன மாதம் அது. ஆற்றில் மணல் தெரிந்தது. தூரத்தில் எங்கோ காடு எரிந்து வானம் தகரமாய்க் கிடந்தது. ஒரு நாள் துரை உச்சிப் பொழுதில் வந்தார். வழக்கமாக அந்நேரம் வரமாட்டார். அண்ணன் குடையை மடக்கினார். நிழலாக நிற்கப் போனார். எந்தப் பக்கம் நிற்பது?

இந்தச் சீமையில் உச்சி வெயில் உச்சந்தலைக்கு நேராக இறங்கும். மனுஷன் நிழல் அவன் காலடிக்குள் சுருண்டுவிடும், ஒரு நாய்க்குட்டி அளவுக்குக்கூட மிஞ்சாது. அண்ணன் ஒரு பக்கம் நின்று பார்த்தார். மறுபக்கம் போனார். குனிந்து பார்த்தார். அவரிடம் நிழலே இல்லை. அவ்வளவு உயரமான மனுஷன், ஒன்றுக்கும் ஆகாமல் நின்றார்.

துரை கடந்து போயிருந்தால் சரியாகியிருக்கும். குதிரையை நிறுத்திக் கங்காணியிடம் பேச ஆரம்பித்தார். கன்று பட்டுப்போனதைப் பற்றி. பேச்சு முடியவில்லை. அக்கா இரண்டு கையாலும் உதட்டைப் பொத்திக்கொண்டாள். புறங்கை சிவந்துகொண்டே வந்தது. நாங்கள் எல்லோரும் வெயிலில் தலைகுனிந்து நின்றோம். அப்போது அந்தச் சத்தம் கேட்டது. குடை விரிகிற சத்தம். சின்னச் சத்தம்தான். காடே திரும்பிப் பார்த்தது.

துரையும் திரும்பினார். அண்ணன் குடையை அக்காவுக்கு மேல் பிடித்துக்கொண்டு, துரையைப் பார்க்காமல், குடையின் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார். துரை குதிரையைத் திருப்பிக்கொண்டு போனார். போகும்போது அவர் பின்கழுத்தைப் பார்த்தேன். சிவந்த கழுத்தில், சட்டைக் காலருக்கு மேலே, வெள்ளையாய் மாவு காய்ந்திருந்தது.

சாயங்காலம் கங்காணி லயத்துக்கே வந்தார். குரலில் கோபத்தைவிடப் பயம்தான் இருந்தது. ஆபீசிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்: நாளைப் பெரட்டில் மன்னிப்புக் கேட்க வேண்டும், குடையை ஆபீசில் ஒப்படைக்க வேண்டும், இனிமேல் காட்டுக்குள் எவரும் குடை கொண்டுபோகக் கூடாது. முடியாதென்றால் விடிந்ததும் லயத்தைக் காலி செய்ய வேண்டும்.

"காலப் புடிச்சுக்கறேன் கங்காணியாரே. நாளெல்லாம் வேணாலும் புடிச்சுக்கறேன். குடைய மட்டும் கேக்காதீங்க."

"ஒரு குடைக்காவாடா? வெளிய ஒரு தோட்டத்துலயும் ஆள் எடுக்கல. எங்கடா போவ?"

உள்ளேயிருந்து அக்காதான் பேசினாள். எப்போதும் சிரிப்பு இருக்கிற குரலில் அன்றைக்கு அது இல்லை.

"குடுத்துடுங்க. நான் மாவு கூடக் கொஞ்சம் பூசிக்கறேன். இந்த மூஞ்சிய வச்சுகிட்டு நம்மள எவன் சேப்பான்?"

அண்ணன் எழுந்துபோய்க் கொட்டாங்கச்சியை எடுத்து வந்தார். வெயில் சாய்ந்துவிட்ட நேரம். மாவுக்கு வேலையே இல்லை. அவள் எதிரில் உட்கார்ந்து, சிவந்திருந்த அந்தப் புறங்கையை எடுத்துத் தன் தொடையில் வைத்து ஒற்ற ஆரம்பித்தார். கங்காணி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் என்ன செய்தோம்? கதவுகளைச் சாத்திக்கொண்டோம். அதுதான் நடந்தது. அவர்கள் போய், குடைத் தடை வந்தபின், உன் மாவுக்கார அண்ணனால் வந்த வினை என்று என்னிடமே சொன்னார்கள். கைக்குழந்தைக்காரிகள் சொன்னபோது எனக்கு மறுக்க வாய் வரவில்லை. பிற்காலத்தில், பெக்கான் நானாஸ் பக்கம் அன்னாசி டப்பாவில் அடைக்கும் கொட்டகையில், கூரைக்கடியில், தமிழ் பேசுகிற வெள்ளைக்காரி ஒருத்தி பழம் சீவுகிறாள் என்று லாரிக்காரர் ஒருவர் சொன்னார். அன்னாசிச் சாறு கையை அரிக்குமே, யாரோ ஒரு உயரமான ஆள் அவள் கையில் என்னமோ பூசிவிட்டுக்கொண்டிருந்தான் என்றும் சொன்னார். நானாகக் கேட்டு வரவழைத்த பதிலோ என்னவோ. நம்புகிறேன்.

குசினிக்காரர் பிறகும் வந்தார். அண்ணன் விட்டுப்போன பானையில் தண்ணீர் மாற்றி மாற்றி நான்தான் அந்த வில்லைகளைக் காயவைத்திருந்தேன். துரைக்குத் தூக்கமில்லை என்றார். ஒரு கை அள்ளி இலையில் மடித்தேன். அண்ணன் இருந்திருந்தாலும் கொடுத்திருப்பார்.

அவர்கள் புறப்பட்ட காலையில் பெரட்டு முடிந்திருந்தது. எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு லயத்திலேயே நின்றேன். கர்ப்பத்தின் ஆரம்பம், பொய்யும் இல்லை. ஒரு தகரப்பெட்டி, ஒரு பாய், ஒரு துணி மூட்டை. மூங்கிலிலிருந்து அவிழ்த்த குடை. அக்கா முகம் முழுக்க மாவு. உதட்டுப் புண்மேல் மட்டும் ஒரு துணித்துண்டு. அவள் என் கன்னத்தைத் தடவி, வயிற்றைத் தடவி, நான் சொல்லாததைத் தெரிந்துகொண்டு சிரித்தாள். பொண்ணா இருந்தா கறுப்பாப் பெத்துக்கோ என்றாள்.

அண்ணன் மூங்கில் புதருக்கு என்னைக் கூட்டிப்போய்ப் பானையைக் காட்டினார். அரிசி பாதி ஊறியிருந்தது. நாற்றம் உச்சத்தில் இருந்தது. தினமும் தண்ணீர் மாற்று, முகம் சுளிக்காதே, இந்த நாற்றம் போகும் என்றார்.

செம்மண் ரோட்டில் இறங்கினார்கள். குடை விரிந்தது. இந்த முறை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்க ஆளில்லை. பெட்டியும் மூட்டையும் பாயும் அவர் தலையில், குடை அவள் தலைக்கு மேல். ரப்பர் மரங்களுக்குள் ரோடு திரும்புகிற இடம்வரை போனவர் நின்றார். நான் வாசலைத் தாண்டி, வெட்டவெளியில், வெறுந்தலையோடு நின்றுகொண்டிருந்தேன். கண்ணீர் துடைக்கவும் தோன்றவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து சத்தம் போட்டுச் சொன்னார்.

"வெயில் ஏறுதும்மா. எங்களப் பாத்துகிட்டு நிக்காத. உள்ள போ."